உறை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சுராபாயாவில் என் எதிர்வீட்டு இபுவில் தொடங்கி, நான் நேரில் பார்த்தேயிராத ஒரு ஜப்பான் பொறியாளர் வரைக்கும் பலருக்குப் போய்ச் சேர வேண்டிய மடல் இது. ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆகிவிட்டது. எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நினைத்தபடியே நாள் ஓடிவிட்டது. போன வாரம் மதுரையில் எங்கள் தெருவில் நாலாவது வீட்டில், சமையலறைக் கழிவை உரமாக்கும் கூடை வைத்தார்கள், இதற்கு மேலும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

கணவருக்கு அங்கே வேலை கிடைத்து, குழந்தைகளோடு இந்தோனேசியாவுக்குப் போனோம். வாடகைக்குப் பிடித்த வீடு ஒரு கம்போங்கில், அதாவது ஊருக்குள் நெருக்கமாக வீடுகள் இருக்கும் ஒரு குடியிருப்பில் இருந்தது, குறுகின சந்து, இரண்டு பக்கமும் பூந்தொட்டி, தரையில் ஒரு காகிதம் கிடக்காது. முதல் வாரமே எதிர்வீட்டு இபு (அங்கே வயதில் மூத்த பெண்களை இபு என்றுதான் கூப்பிட வேண்டும், அம்மா என்று அர்த்தம்) ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். துணி போடுகிற, ஓட்டை ஓட்டையாக இருக்கும் சாதாரணக் கூடை. உள்ளே சுற்றிலும் அட்டை, அடியில் உமி நிரப்பின தலையணை, பாதிக் கூடைக்குக் கருப்பாக மண் மாதிரி ஒன்று, அதன் மேலே இன்னொரு உமித் தலையணை, கருப்புத் துணி, மூடி. "தகாகுரா" என்றார். அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரமே என் கூடை நாறிப்போனது. மீன் கழிவையும் தேங்காய்ச் சக்கையையும் சாம்பார் மீதியையும் ஈரத்தோடு அப்படியே கொட்டியிருந்தேன், புழு வைத்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று சந்து முனை வரை கொண்டுபோனவளை இபுதான் நிறுத்தினார். தரையில் செய்தித்தாளை விரித்துக் கூடையைக் கவிழ்த்தார். கையாலேயே அளைந்து, தவிடும் உமியும் போட்டுப் புரட்டி, ஒரு பிடி எடுத்து அழுத்திக் காட்டினார். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கழிவைப் பொடியாக நறுக்கிப் போடு, தினமும் கிளறு என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து ஆவி வந்தது! மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது, கையை வைத்தால் நல்ல சூடு, வாசனை புளித்த மாவு மாதிரி. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை. இபு, அன்றைக்கு நீங்கள் முகம் சுளித்திருந்தால் இந்த மடலே இல்லை. தெரிமா காசி, உங்கள் மொழியிலேயே நன்றி.

அப்புறம்தான் மெல்ல மெல்ல இந்தக் கூடையின் கதை தெரிய வந்தது. சுராபாயா இந்தோனேசியாவின் இரண்டாவது பெரிய நகரம். 2001இல் கெப்புத்தி குப்பைக் கிடங்கைச் சுற்றியிருந்த மக்கள் பொறுக்க முடியாமல் போராடி அதை மூட வைத்தார்கள். ஊர்க் குப்பை தெருவிலேயே குவிந்தது. அந்தக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. 2004இல் ஜப்பானின் கிட்டாக்யூஷு நகரமும், அந்த நகரத்தோடு சேர்ந்து வேலை செய்யும் கீட்டா என்ற தொழில்நுட்ப ஒத்துழைப்பு அமைப்பும், கோஜி தகாகுரா என்ற பொறியாளரை சுராபாயாவுக்கு அனுப்பின. அவர் இயந்திரம் எதுவும் கொண்டுவரவில்லை. அங்கே புஸ்டகோட்டா என்ற தொண்டு நிறுவனம் ஏற்கெனவே உரம் தயாரித்துக்கொண்டிருந்தது, ஆனால் மட்குவதற்கு மாதக்கணக்கில் ஆனது. தகாகுரா அந்த ஊர்ச் சந்தைக்குப் போய் ஊர்க்காரர்கள் தின்கிற புளித்த பண்டங்களை, அதாவது சோயாவைப் புளிக்க வைத்த தெம்பே, மரவள்ளிக்கிழங்கைப் புளிக்க வைத்த தாப்பே இதையெல்லாம் வாங்கி, வெல்லத் தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, அந்த நுண்ணுயிர்களை உமியிலும் தவிட்டிலும் வளர்த்தார். மாதக்கணக்கு போய் ஒன்றிரண்டு வாரம் ஆயிற்று.

இதைக் கேட்டதும் எனக்கு உறைமோர் ஞாபகம்தான் வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்கி வந்தால் நம் வீட்டுப் பால் தயிராகிறது, பிறகு நம் வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது. சுராபாயாவில் கூடை பரவியதும் அப்படித்தான். மாநகராட்சி 17,000க்கும் மேற்பட்ட கூடைகளை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் கூடையைக் கொடுப்பது சுலபம், நாறினால் வந்து புரட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் தெருவுக்குத் தெரு இபுக்கள் இருந்தார்கள். சந்தைக் கழிவுக்கும் பூங்காத் தழைக்கும் மாநகராட்சியே உர மையங்கள் வைத்து நடத்தியது, அந்த உரம் அதே பூங்காக்களுக்குப் போனது. 2005 வாக்கில் நாளொன்றுக்கு 1,500 டன் அளவில் கிடங்குக்குப் போன குப்பை நாலைந்து வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்த நாட்களில் நகரத்தின் தூய்மை, பூங்காத் துறையை நடத்தி, 2010இல் மேயரான திரி ரிஸ்மஹரினி அம்மையாருக்கு என் வணக்கம். விடிகாலையில் தெரு கூட்டிய தூய்மைப் பணியாளர்களுக்கும், உர மையங்களில் வெயிலில் நின்று குவியல் புரட்டியவர்களுக்கும் அதற்கு ஒரு படி மேலே.

கிட்டாக்யூஷு ஏன் இன்னொரு ஊரின் குப்பைக்காக மெனக்கெட வேண்டும் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பதில் அந்த ஊரின் பழைய கதையில் இருக்கிறது. அது இரும்பு ஆலை ஊர். 1960களில் அதன் தோகாய் விரிகுடாவுக்குச் சாவுக்கடல் என்றே பெயர், மீன் கிடையாது, ஆலைப் புகையில் வானம் தெரியாது. தொபாட்டா பகுதிப் பெண்கள்தான் முதலில் கிளம்பினார்கள். காயப்போட்ட துணியில் படிந்த கரியைப் பார்த்துப் பார்த்து, தூசியை அளந்து குறித்துவைத்து, படமெடுத்துக் காட்டி, நீல வானம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களில் பலருடைய வீட்டுக்காரர்கள் அதே ஆலைகளில் சம்பளம் வாங்கியவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஆலைகளும் நகராட்சியும் இறங்கி வந்தன, விரிகுடாவில் மீன் திரும்பியது. தான் பட்டதை இன்னொரு ஊர் படக் கூடாது என்று அந்த ஊர் நினைத்ததாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். 2000இல் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையம் சுற்றுச்சூழல் அமைச்சர்களை அங்கே கூட்டி, நகரங்கள் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்றை அந்த ஊரின் பெயரிலேயே தொடங்கியது. கம்போடியாவின் நாம்பென் குடிநீர் வாரியத்துக்கும் தன் ஆட்களை 1999 முதலே அனுப்பியது கிட்டாக்யூஷு. தொபாட்டா அம்மாக்களே, உங்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறீர்களோ, உங்கள் பேத்திகளாவது யாரேனும் சொல்லக் கேட்கட்டும்: நீங்கள் அன்று குறித்துவைத்த தூசிக் கணக்கு என் சமையலறை வரை வந்திருக்கிறது.

நகரங்களுக்கு இடையே ஒத்துழைப்பு என்றால் எனக்கு முன்பெல்லாம் நாளிதழில் வரும் கைகுலுக்கும் படம்தான் நினைவுக்கு வரும். சுராபாயாவும் கிட்டாக்யூஷுவும் 2012இல் பசுமைச் சகோதர நகரங்களாகக் கையெழுத்துப் போட்டார்கள், சரி. ஆனால் அதற்கு எட்டு வருடம் முன்பிருந்தே தகாகுரா என்ற அதே மனிதர் திரும்பத் திரும்ப வந்து, அதே குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே பெண்களிடம் பேசியிருக்கிறார். என்னைக் கேட்டால் வேலை நடந்தது அங்கேதான். அந்தப் பயணப்படியில் கையெழுத்துப் போட்ட, மொழி பெயர்த்த, கணக்கு எழுதிய இரண்டு ஊர் அலுவலர்களின் பெயர் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் நன்றி. தகாகுரா ஐயா, கூடைக்கு உங்கள் பெயர் நிலைத்துவிட்டது. செய்முறையை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி விட்டீர்களே, அதனால்தான் அது பிலிப்பைன்ஸின் செபுவுக்கும் மலேசியாவுக்கும் போனது.

மதுரையில் தெம்பேக்கு எங்கே போவது? புளித்த தயிர், பொங்கி வழிந்த இட்லி மாவு, கொஞ்சம் வெல்லம் போட்டு ஐந்து நாள் வைத்தேன். உமியும் தவிடும் அரிசி ஆலையில் வாங்கினேன். நாலாம் நாள் வெள்ளைப் பூசணம் பூத்தது, சுராபாயாவில் பார்த்த அதே வெள்ளை. மாமியார் முதலில் மூக்கைப் பொத்தினார், இப்போது அவர்தான் காய்த் தோலை நறுக்கி வைக்கிறார்.

நாலாவது வீட்டு அக்காவுக்கு என் கூடையிலிருந்து இரண்டு படி எடுத்துக் கொடுத்தேன். நேற்று ராத்திரி அவர் வாசலில் வந்து, நாறுகிறதே, கொட்டிவிடட்டுமா என்று கேட்டார். செய்தித்தாள் எடுத்துக்கொண்டு காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன், இபு.