கேள்வி கேட்க ஆளில்லாத மாகாணம்

ஆசிரியருக்கு,

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பர் 30ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. மாகாண சபைத் தேர்தலுக்குத் தொகுதிகளைப் பிரிக்கும் எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்றது, அதைச் சாட்டாக வைத்தே வந்த அரசாங்கமெல்லாம் காலத்தைக் கடத்திவிட்டது. மாகாணத்தை நடத்துவது ஆளுநரும் அதிகாரிகளும்தான்.

சபை இருந்தபோது மட்டும் என்ன பாலும் தேனும் ஓடியதா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனாலும் ஈச்சிலம்பற்றுக்கு ஏன் வைத்தியர் போதவில்லை, குச்சவெளிப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் ஏன் இல்லை என்று எழும்பி நின்று கேட்க 37 பேர் இருந்தார்கள், பதிலும் பதிவில் ஏறியது. இப்போது மாகாண அலுவலகத்தில் கேட்டால் கொழும்பைக் காட்டுகிறார்கள், கொழும்பில் கேட்டால் அது மாகாண விஷயமாம். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பயணிகள் படகு கவிழ்ந்து பிள்ளைகள் செத்தபோதும் யார் பொறுப்பு என்று ஆளையாள் கைகாட்டியதைத்தானே பார்த்தோம்!

சரி, தேர்தல் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள், தருகிறோமா மறுக்கிறோமா என்று அலுவலகம் முடிவு சொல்லியே ஆக வேண்டும். உங்கள் ஊர் வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். வரும் பதில்களை உங்கள் பத்திரிகை வாரம் ஒன்றாகவாவது போடுமா?

வாசகர் ஒருவர்,
திருகோணமலை