றோட்டு இரண்டாகத் தெரிந்தால்

அன்புள்ள மகன்,

படுவான்கரையில் வேளாண்மை வெட்டு முடிந்தது. தங்கச்சியின் வீடு பீம் மட்டத்துக்கு வந்துவிட்டது. சரி, அதெல்லாம் கிடக்கட்டும்.

லொறி ஓடும்போது றோட்டு இரண்டாகத் தெரிந்து தலையும் சுற்றியதாமே. தங்கச்சிக்குச் சொன்னாய், எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடி மாற்றினால் சரி என்றாயாம்.

ஒரு கண்ணைப் பொத்திப் பார், பிறகு மற்றதை. எதைப் பொத்தினாலும் ஒன்றாகத் தெரிந்தால் கண்ணாடிக்காரனிடம் வேலை இல்லை. கண்ணை அசைக்கிற நரம்பு, தசை, இல்லாவிட்டால் மூளை. ஒற்றைக் கண்ணால் பார்த்தும் இரண்டாகத் தெரிந்தால்தான் கண்ணாடி, வெண்புரை என்ற கதை வரும். எனக்குச் சீனி கூடி ஒரு கண் வெளிப்பக்கம் திரும்பாமல் நின்றபோது பெரியாஸ்பத்திரியில் இப்படித்தான் பார்த்தார்கள். கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற ஆறாவது நரம்பின் பழுதாம். சீனியையும் பிரசரையும் அடக்க, மூன்று மாதத்துக்குள் தானாகச் சரிவந்தது. கொப்பாவுக்கு வந்ததுதான் உனக்கும் என்று இருந்துவிடாதே.

கிளினிக்கில் உன் பெயர் சொல்லாமல் டொக்டரிடம் கேட்டேன். பின்னேரமாகக் கூடி இமையும் சரிந்தால் மயஸ்தீனியா என்கிற தசை வருத்தமாக இருக்கலாம். உன் வயதில் நரம்பின் உறை பழுதாகியும் வருமாம். தலைச்சுத்தும் சேர்ந்தது என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. மூளையின் பின்பக்கத்துக்கு இரத்தம் போகிற குழாய் அடைபட்டால், கை கால் விழாமலே இப்படி வருமாம். வந்து மாறிவிட்டது என்றாலும் விடக்கூடாதாம், அடுத்தது பெரிதாக வரலாம். திரும்ப இரண்டாகத் தெரிந்தால், பேச்சுக் குழறினால், நடை தள்ளினால், தலையிடி பிளந்தால், இமை விழுந்தால் உடனே அங்கத்தைய அவசர நம்பர் 911க்கு அடி. குழாயை அடைக்கிற இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை 4.5 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். படுத்தெழும்பிப் பார்ப்போம் என்று நினைக்காதே.

கனடாவில் எவ்வளவு பெரிய லொறி ஓடுகிறான் என்று களுவாஞ்சிகுடிச் சந்தியில் நான்தான் சொல்லித் திரிகிறேன். ஆனால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு சோதனைக்குப் போன பிள்ளை நீ. லைசன் போய்விடும் என்று ஒளிக்கிறாயா என்று நான் கேட்கமாட்டேன். வீட்டுக்கு இந்த வருடமே ஓடு போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கவில்லை. கண் சரியாகும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதே. ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடலாம் என்றும் நினைக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. ஸ்கான் எடுத்தால் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எடுத்துச் சொல், தங்கச்சிக்கு இல்லை. கொம்மா போனை வாங்கினால் வேளாண்மைக் கதையைக் கதை.

அப்பா