பகலைத் தந்தவர்களுக்கு

மரியாதைக்குரிய நாட்டாண்மைகளுக்கும் தருமகர்த்தாக்களுக்கும், சோறும் தண்ணீரும் படுக்க இடமும் தந்த தாய்மார்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும் எங்கள் தெருக்கூத்து ஜமாவின், அதாவது ஆட்டக் குழுவின், வணக்கம்.

பங்குனியில் கட்டிய சலங்கையை ஆடியில் அவிழ்த்திருக்கிறோம். கணியம்பாடி, கண்ணமங்கலம், அணைக்கட்டு, திமிரி, கலவை என்று நாலா பக்கமும் திரௌபதி அம்மன் கோயில் வாசல்களில் பாரதக் கூத்தை முடித்து ஊர் திரும்பிவிட்டோம். ராத்திரி 10 மணிக்கு மேளம் முழக்கிக் களரி கட்டியதிலிருந்து விடிந்து மங்களம் பாடும்வரை நடப்பதை ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. அந்த ராத்திரி எப்படி அமையும் என்பது அன்றைய பகலிலேயே முடிவாகிவிடும். பகலை எங்களுக்குத் தந்தவர்கள் நாங்கள் ஆடுகிற களரிக்குள் வரவில்லை, மைக்கில் அவர்கள் பேரும் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, தூங்க விட்டவர்களுக்கு. வில் வளைப்பில் தொடங்கிப் பதினெட்டாம் போர் வரைக்கும் தினம் ஒரு கூத்து. காலை 8 மணிக்குத் தலை சாய்த்து மதியம் 1 மணிவரை அசையாமல் கிடந்தால்தான் ராத்திரி குரல் எழும்பும். கோயில் புனல் ஒலிபெருக்கி செட்டில் பொழுது விடியும்போதே அம்மன் பாட்டுப் போடுவது வழக்கம். மதியத்துக்கு மேல் பாரதப் பிரசங்கம். இரண்டையும் நிறுத்தச் சொல்ல எங்களுக்கு வாய் வராது, சொல்லவும் கூடாது. ஓர் ஊரில் பிள்ளைகள் தாங்களாகவே வேப்பமரத்தில் ஏறி, நாங்கள் படுத்திருந்த பள்ளிக்கூடத் தாழ்வாரத்தைப் பார்த்திருந்த இரண்டு புனல்களை அவிழ்த்து ஏரிப் பக்கம் திருப்பிக் கட்டினார்கள். பாட்டும் நிற்கவில்லை, எங்கள் தூக்கமும் கெடவில்லை. தூக்கம் கெட்டால் முதலில் போவது மேல் சுருதி. விருத்தம் எடுப்பவர் தொண்டையை இறுக்கிப் பாடுவார், மூன்றாம் நாள் குரல் கட்டிக்கொள்ளும். ஆர்மோனியக்காரர் அவருக்காகச் சுருதியை இறக்கித் தரலாம், முகவீணைக் குழல் இறங்காது. ஒருவர் தூக்கம் கெட்டால் மொத்த மேளமும் கலைகிறது என்பது இப்படித்தான்.

அடுத்தது தண்ணீர். மரக்கட்டை அணிகள் பூணுகிற கட்டை வேஷத்துக்கு முகம் எழுதி, கச்சை கட்டி, புஜமும் மார்புக் கட்டையும் கிரீடமும் ஏற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கலைப்பதற்கு அரை மணி போதும், ஆனால் முறையாகக் கலைக்க வேண்டும். வர்ணத்தைத் தேங்காய் எண்ணெயில்தான் குழைத்துப் பூசுகிறோம். அதன் மேல் நேராகத் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் போகாது, வர்ணம் தோல் துவாரத்தில் இறங்கி நிற்கும், மறுநாள் அரிக்கும், அக்கினி நட்சத்திரத்தில் கொப்புளமாகவே வரும். முதலில் எண்ணெய் தேய்த்து ஊற விட வேண்டும். பழைய பருத்தித் துணியால் நெற்றியிலிருந்து கீழ்நோக்கி இரண்டு தடவை வழித்தெடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சீயக்காயும் தண்ணீரும். பாலியஸ்டர் துணியில் துடைத்தால் வர்ணம் எடுபடாது, முகமெல்லாம் இழுபட்டுக்கொண்டே போகும். அதனால் நைந்த வேட்டியும் பழைய கைத்தறிப் புடவையும் கிழித்து மூட்டையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. 14 பேர், ஆளுக்கு 3 வாளி என்றாலே 42 வாளி. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு மோட்டாரைப் போட்டு, கிணற்றடித் தொட்டியை நிரப்பி, காலையில் அன்றைய பாய்ச்சலைத் தள்ளி வைத்துக் காத்திருந்தார்கள் நிலத்துக்காரர்கள். வேலூர் வெயிலில் ஒரு வேளைப் பாய்ச்சல் தள்ளிப்போனால் பயிர் என்னாகும் என்பது எங்களுக்கும் தெரியும். எங்களில் பாதிப் பேர் உழவர்கள்தான்.

வெல்வெட் சட்டைகளைத் தினமும் துவைக்க முடியாது, தோய்த்தால் ஜிகினா உதிரும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, காற்றோட்டமான நிழலில் கொடி கட்டி உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் போட்டால் பளபளப்பு செத்துவிடும், ஈரத்தோடு பெட்டியில் மடித்தால் வியர்வை உப்புப் பூத்துத் துணி கிழியும். தங்கள் வீட்டுத் திண்ணையை மறித்துக் கொடி கட்ட விட்ட அக்காமார்கள், மழை தூறியபோது எங்களை எழுப்பாமல் தாங்களே ஓடி வந்து அத்தனையையும் எடுத்து உள்ளே வைத்தார்கள்.

களரித் தரையைப் பார்த்துக்கொண்டவர்களைச் சொல்லியாக வேண்டும். வெறுங்காலில் ராத்திரி முழுவதும் அடவு போடுகிற தரை அது. கல்லையும் நெருஞ்சியையும் பொறுக்கிவிட்டு, சாயங்காலம் 5 மணிவாக்கில் தண்ணீர் தெளித்து, கட்டை கொண்டு இடித்து விட்டால் 10 மணிக்குச் சரியான பதத்தில் இருக்கும். 8 மணிக்குத் தெளித்தால் வழுக்கும். தெளிக்காமலே விட்டால் புழுதி கிளம்பிப் பின்பாட்டுக்காரர் தொண்டையில் போய் உட்காரும். விளக்கு கட்டிய தம்பிக்கும் இங்கேயே நன்றி. வெள்ளை எல்இடியில் துரியோதனன் முகத்துச் சிவப்பு வெளிறிப்போகிறது என்று சொன்னதும், முன்னால் இருந்த இரண்டையும் மஞ்சள் விளக்காக மாற்றினார். கோடை மழைக்கு மறுநாள் ஈசல் வரும் என்று களரிக்கு 50 அடி தள்ளி ஒரு விளக்கைத் தனியாக எரிய விட்டதும் அவர்தான். பாடுகிற வாயில் பூச்சி விழுந்தால் அந்தப் பாட்டு அதோடு முடிந்தது. தொங்கும் மைக்கை 7 அடிக்கு மேல் ஏற்றிக் கட்டிய செட்டுக்காரரும் கிரீடத்தின் உயரத்தை மனதில் வைத்தே கட்டினார்.

அர்ச்சுனன் தபசுக்கு மரம் நட்டவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. 30 அடிக்கு மேல் நிற்கிற பனை அது, படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு வேஷத்தோடு மேலே ஏறுகிறார் எங்கள் ஆள். அடியில் பிள்ளை வரம் வேண்டித் தாய்மார்கள் ஈரப் புடவையோடு காத்திருக்கிறார்கள். மேலிருந்து விழுகிற எலுமிச்சையையும் பூவையும் விபூதியையும் மடியில் ஏந்துவதற்காக. மரம் அசைந்தால் எத்தனை உயிர் என்று நினைத்துப் பாருங்கள். குழி ஓர் ஆள் உயரத்துக்குக் குறையக் கூடாது. மண்ணை ஒரேயடியாகத் தள்ளி மூடவும் கூடாது. ஓர் அடிக்கு ஒரு தடவை கல்லும் மண்ணுமாகப் போட்டு இடித்துக்கொண்டே வர வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் குழி ஓரம் இளகும், மேலே நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும், கீழே இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் விடியற்காலை இரண்டு பேரை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே மரத்துக்குப் பூசை போட விட்டீர்கள். படிக் கட்டைகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்து, ஆட்டம் கண்டதை மாற்றினீர்கள். மரம் தூக்கி நிறுத்தும் நேரத்துக்குப் பக்கத்துக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தந்து, மரம் நின்று கயிறு அவிழும்வரை கூடவே நின்ற லைன்மேன் அண்ணனை எங்கள் அர்ச்சுனன் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பீமன் துரியோதனனை வீழ்த்துகிற படுகளத்துக்கு மண்ணில் அவன் உருவம் போட்ட குயவர் வீட்டாருக்கு எங்கள் வணக்கம். வெறும் ஏரி வண்டலில் போட்டால் உச்சி வெயிலுக்குள் பாளம் பாளமாக வெடிக்கும் என்று செம்மண் கலந்தார்கள். தொடையில் புதைக்கிற செந்நீர்க் கலயத்தை, பீமன் அடிக்கிற கடைசி நாழிகைவரை ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. சாயங்காலம் 7 மணிக்கே இலை போட்டுவிட்டீர்கள். கச்சையை இறுக்கிக் கட்டிய பிறகு வயிறு நிறைந்திருந்தால் சுழன்று ஆடும்போது குமட்டும். அதனால் கட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிக்க வேண்டும். தயிரைத் தவிர்த்து ரசம் ஊற்றினீர்கள், குடிக்க வெந்நீர் வைத்தீர்கள். நடுச்சாமம் 2 மணிக்குச் சுக்குக் காபி போட்ட டீக்கடை ஆயா பனங்கற்கண்டு சேர்த்தே கொடுத்தார். மறுநாள் காலைக் கூழை விட, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்போடு களி கிண்டிப் போட்ட வீட்டைத்தான், கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற எங்கள் கட்டியங்காரர் அதிகம் பேசுகிறார்.

மொய் எழுதியவர்களின் பேரை ஆட்டத்தின் நடுவில் வாசிக்க வேண்டாம், கட்டியங்காரர் பேச வரும்போது மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஊர்க்கூட்டத்திலேயே முடிவு செய்த பெரியவர்களுக்கும் நன்றி. கர்ணன் சாகிற கர்ண மோட்சக் கூத்து வருத்தம் குறையாமல் கடைசிவரை போனது அதனால்தான்.

வேன் ஓட்டிய தம்பிக்கு. கட்டை எல்லாம் கல்யாண முருங்கையில் செதுக்கியது. எடை கிடையாது, இடித்தால் பிளந்துவிடும். வேனுக்கு மேலே ஏற்றினால் சூட்டில் பசை இளகிக் கண்ணாடிச் சில்லு கொட்டும். அதனால் பெட்டிகளை உள்ளே நடுவில் அடுக்கி, சுற்றிலும் திரைத்துணி மூட்டை வைத்து, ஆர்மோனியத்தைக் கடைசியாக ஏற்றி, எந்த ஊரில் நிறுத்தினாலும் புளியமர நிழல் தேடி நிறுத்தினார். இந்தப் பருவத்தில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு புஜக் கட்டைதான்.

அடுத்த பங்குனிக்குத் தாம்பூலம் கொடுத்து எங்களை அமர்த்தியிருக்கிற ஊர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தபசுக்கான பனையை மாசியிலேயே பார்த்து வைத்துவிடுங்கள். திமிரிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பு எங்கள் வர்ணப் பெட்டியோடு வந்துவிட்டது. அடியில் இரண்டு எழுத்து வெட்டியிருக்கிறது. தை மாதம் அந்தப் பக்கம் வரும்போது கையோடு கொண்டு வந்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஜமாவின் வாத்தியார், வேஷக்காரர்கள், பின்பாட்டுக்காரர்கள், மேளக்காரர்கள்