ஒயர் சுற்றத்தான் வந்தாயா?

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. "துப்பாக்கி பிடிக்கலாம்னு வந்தா ஒயர் சுத்த விட்டுட்டாங்கப்பா." ஜபல்பூரில் டிரெயினிங்கின்போது நானும் இதையேதான் புலம்பினேன், கேட்க என் டிரங்குப் பெட்டிதான் இருந்தது.

நம் சிக்னல்ஸ், அதாவது ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு, 1911 பிப்ரவரி 15-ல் ஃபதேகரில் இரண்டே கம்பெனியாகத் தொடங்கியது. அதுவரை பாலம் கட்டும் சாப்பர்களேதான் சேதி அனுப்பும் வேலையையும் பார்த்தார்கள். கொடி அசைப்பது, வெயிலில் கண்ணாடியை மின்ன வைப்பது, இப்படி. மேகம் மூடினால் கண்ணாடிக்காரன் சும்மா உட்கார வேண்டியதுதான்! அப்புறம் கேபிள், வயர்லெஸ், இப்போது சாட்டிலைட் வரை வந்துவிட்டது. குடியரசு தினத்தில் பைக்கில் பிரமிடு கட்டி வருவார்களே 'டேர் டெவில்ஸ்', அவர்களும் நம் ஆட்கள்தான். ஆனால் கைதட்டல் வாங்காத டி.ஆர்., அதாவது தபால் பையை மாட்டிக்கொண்டு ராத்திரி விளக்கில்லாமல் பைக் ஓட்டுகிறவன், அவனைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, ஒயருக்கு வருகிறேன். ராஜஸ்தானில் ஒரு எக்ஸர்சைஸ், போர் ஒத்திகை, நடுராத்திரி டெலிபோன் லைன் செத்துவிட்டது, பிரிகேடிலிருந்து பட்டாலியனுக்கு ஒரு வார்த்தை போகவில்லை. டார்ச் அடிக்கக் கூடாது. கேபிளை உள்ளங்கைக்குள் ஓடவிட்டுக்கொண்டே மணலில் நடந்தேன், அங்கங்கே நின்று கேபிளின் தோலைக் கிள்ளி, டெலிபோனை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பது, பின்பக்கம் பதில் வந்தால் இன்னும் முன்னே போவது. ஒரு மணி நேரம் கழித்து முனை கையில் வந்தது. அறுத்தது எதிரி இல்லை, நம் டாங்கி! பல்லால் தோலை உரித்தேன், உள்ளே செம்போடு சேர்ந்த இரும்பு இழை உதட்டைக் குத்தியது. இரண்டு ஜாயிண்டையும் தள்ளித் தள்ளிப் போட்டு, டேப் சுற்றி, கைப்பிடியைச் சுற்றினால் எதிர்முனையில் ஒருவன் தூக்கக் கலக்கத்தில் "ஹாங், போலோ" (ஆமா, சொல்லு) என்றான். அவனுக்கு நான் யாரென்றே தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று இன்றைக்கும் தெரியவில்லை.

இன்ஃபன்ட்ரிக்கு, காலாட்படைக்கு, மாற்றக் கேட்கலாமா என்றாயே, கேள், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் ஒரு ராத்திரி லைன் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேள்.

கொப்புளத்தைக் கிள்ளாதே, தானாக வற்றும். இன்சுலேஷன் டேப் எப்போதும் இரண்டு பாக்கெட்டிலும் இருக்கட்டும், ஒன்று கட்டாயம் தொலையும். லீவு தேதியை அம்மாவிடம் சொல்லிவிடு.

அப்பா