மண்டலம் 22-ஐத் தேடுகிறார்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். செய்தித்தாள்களில் மோர்ஸ் பற்றிப் பேச்சு வந்தால், கூடவே 2013 ஜூலையில் மூடப்பட்ட தந்தி சேவையும் வந்துவிடுகிறது. படிப்பவர் மனதில் அது அருங்காட்சியகப் பொருளாகவே பதிகிறது. ஹாம் வானொலியில், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியில், நிலைமையே வேறு. ஆண்டுதோறும் நவம்பரின் கடைசி முழு சனி, ஞாயிறுகளில் உலகெங்கும் உள்ள நிலையங்களுடன் தொடர்பு கொண்டு புள்ளி சேர்க்கும் ‘சிகியூ வேர்ல்ட் வைட்’ போட்டியின் மோர்ஸ் சுற்று நடக்கிறது. அந்த 48 மணி நேரமும் 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளின் தொடக்கப் பகுதியில் எள் போட்டால் எள் விழாது. நம் நேரப்படி சனி காலை 5.30-க்குத் தொடங்கி, திங்கள் காலை 5.29-க்கு முடியும்.

தமிழ்நாட்டில் உரிமம் வைத்திருக்கும் பலர் அந்த இரண்டு நாளும் ரிக்கை (அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவியை) அணைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். மோர்ஸில் வேகம் வராது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் தேவையற்றது என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம்.

போட்டி உலகை 40 மண்டலங்களாகப் பிரிக்கிறது. இந்தியாவும் இலங்கை, நேபாளம், பூடான், வங்கதேசம், மாலத்தீவு ஆகியவையும் மண்டலம் 22. (அந்தமான் மட்டும் 26, போட்டிக் கணக்கில் அது தனி நாடு.) வேறு கண்டத்து நிலையத்துடன் பேசினால் 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாட்டுடன் என்றால் 1, இந்தியாவுக்குள் என்றால் 0. மொத்தப் புள்ளியை, ஒவ்வொரு பட்டையிலும் பிடித்த மண்டலங்கள், நாடுகளின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். 200 தொடர்பு வெளிக்கண்டம், 60 தொடர்பு ஆசியா என்றால் 660 புள்ளி. 40 மண்டலமும் 80 நாடும் சேர்ந்திருந்தால் 660-ஐ 120-ஆல் பெருக்கி 79,200. உள்நாட்டுத் தொடர்புக்குப் புள்ளி இல்லாவிட்டாலும், இந்தியா என்ற நாடும் 22 என்ற மண்டலமும் பெருக்கத்தில் சேரும். ஆகவே பட்டைக்கு ஓர் இந்திய நிலையத்தையாவது பிடித்துவிடுங்கள்.

இதே பெருக்கல்தான் நமக்குச் சாதகம். கோபுரம் கோபுரமாக ஆண்டெனா நட்டிருக்கும் ஐரோப்பியருக்கும் மண்டலம் 22 ஒவ்வொரு பட்டையிலும் வேண்டும். அவருக்குக் கிடைப்பதோ சில குரல்கள்தான். ஒற்றைக் கம்பியில் 100 வாட் விடும் நம் சமிக்ஞையை அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்.

பரிமாற்றம் இவ்வளவுதான். அவர் ‘சிகியூ டெஸ்ட்’ (போட்டிக்கு அழைக்கிறேன்) என்று தன் அழைப்புக்குறியை, அதாவது நிலையத்தின் அடையாள எழுத்துகளை, அனுப்புவார். நீங்கள் உங்கள் குறியை ஒரே ஒரு முறை அனுப்புங்கள். அவர் உங்கள் குறியோடு ‘5என்என் 14’ என்பார், நீங்கள் ‘5என்என் 22’, அவர் ‘டியூ’ (நன்றி). கடைசி எண் அவரவர் மண்டலம். முடிந்தது. ‘5என்என்’ என்பது 599, சமிக்ஞையின் தரத்துக்கான மதிப்பெண். அது வெறும் சம்பிரதாயம். இரைச்சலில் மூழ்கிக் கிடப்பவருக்கும் அதேதான். ஒன்பதுக்குப் பதில் ‘என்’ அனுப்புவதற்குக் கணக்கு உண்டு. மோர்ஸின் ஒரு புள்ளி நீளத்தை ஓர் அலகு என்று கொண்டால், ஒன்பதின் நீளம் 17 அலகு, ‘என்’ 5 அலகு. இரண்டு எழுத்தில் 24 அலகு மிச்சம். நிமிடத்துக்கு 25 வார்த்தை வேகத்தில் ஓர் அலகு 48 மில்லிசெகண்ட். ஆக தொடர்புக்கு 1.15 நொடி. ஆயிரம் தொடர்பில் 19 நிமிடம்!

எதிர்முனையில் 30 வார்த்தை வேகத்தில் ஓடினாலும் கலங்க வேண்டாம். அவர் அதே குறியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார். நான்கு சுற்று கேட்டு, எழுதி, சரிபார்த்த பிறகு அழைத்தால் போதும். 16 வார்த்தையில் அழைத்தால் பெரும்பாலோர் தாமாக வேகத்தைக் குறைப்பார்கள். ஞாயிறு மாலை இதற்குப் பொன்னான நேரம். பெரிய நிலையங்களுக்கு அழைப்பவர் தீர்ந்துபோயிருக்கும். மெதுவாக வருபவரையும் ஆவலோடு வாங்கிக்கொள்வார்கள்.

வேகத்தைவிடத் துல்லியத்துக்கே கவலைப்பட வேண்டும். அழைப்புக்குறியில் ஓர் எழுத்து தவறினாலும் அந்தத் தொடர்பு போவதோடு, தண்டமாக மேலும் புள்ளி கழியும். நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இந்தியக் குறிகள் ‘வியு’ என்று தொடங்குகின்றன. ‘வி’ மூன்று டிட் (புள்ளி), ஒரு டா (கோடு). பேடிலை (மோர்ஸ் அனுப்பும் விசையை) ஒரு கணம் கூடுதலாக அழுத்தினால் நான்கு டிட் ஆகி ‘4யு’ என்று போய்விடும். அது ஐக்கிய நாடுகள் சபைக்குரிய முன்னெழுத்து. சமிக்ஞை மங்கி எழும்போதும் இடி இரைச்சலிலும் இதே குழப்பம் நேர்கிறது. எனவே உங்கள் குறியைக் கையால் அடிக்காமல் கீயரின் (புள்ளி, கோடுகளைத் தானே உருவாக்கும் கருவியின்) நினைவகத்தில் பதித்து அனுப்புங்கள். அவர் தவறாகத் திருப்பி அனுப்பினால் 599 கொடுக்காதீர்கள். குறியை மட்டும் மறுபடி அனுப்புங்கள், அவர் திருத்தும்வரை. கேட்கும்போது நாம் ஏமாறும் ஜோடிகள்: எச்-5, பி-6, ஜே-1.

தொடர்புகளைப் பதியக் கணினியில் என்1எம்எம் லாகர் போன்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் அது நாட்டைப் பார்த்து மண்டல எண்ணைத் தானே நிரப்பிவைக்கும். ஜெர்மனிக்கு 14, ஜப்பானுக்கு 25 என்பது நிச்சயம். அமெரிக்காவோ 3, 4, 5 என மூன்று மண்டலம். ஆஸ்திரேலியா 29, 30. திரையில் இருப்பதை நம்பி விசையைத் தட்டாமல், காதில் விழுந்ததையே பதியுங்கள். முன்பே பேசிய நிலையம் மறுபடி அழைத்தால் வாதாடாதீர்கள். மீண்டும் ஒரு தொடர்பு கொடுப்பதே விரைவு. இரட்டைப் பதிவுக்குத் தண்டம் கிடையாது.

ஆண்டெனாவுக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் (நடுவில் கேபிள் சேரும் இருபக்கக் கம்பி ஆண்டெனாவின்) மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.03-க்கு 20.34 மீட்டர், 14.03-க்கு 10.19, 21.04-க்கு 6.80, 28.04-க்கு 5.10. நான்கையும் ஒரே ஊட்டுப்புள்ளியில் (கேபிள் சேரும் இடத்தில்) கட்டி, நுனிகளை ஒன்றுக்கொன்று விலக்கி இழுத்தால் ஒரே கேபிள் போதும். ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ. கூடுதலாக விட்டு, மேலே ஏற்றிப் பார்த்துக் குறையுங்கள். 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியில் மொத்தம் 10 செ.மீ. வெட்டினால் ஒத்ததிர்வு (ஆண்டெனா இயல்பாக இசையும் அதிர்வெண்) ஏறத்தாழ 35 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். 7-க்கு வெட்டிய கம்பியே 21-க்கும் போதும் என்று சொல்வார்கள். உண்மையில் அதன் மூன்றாம் மடங்கு ஒத்ததிர்வு 21.7-க்கு அருகில், பட்டைக்கு வெளியே விழும். டியூனர் (ஆண்டெனாவை ரிக்குக்கு இசைவிக்கும் கருவி) இல்லாவிட்டால் தனிக் கம்பி கட்டுவதே நல்லது. ஊட்டுப்புள்ளியில் கேபிளைப் பத்துச் சுற்று சுருட்டிக் கட்டினால் ரேடியோ அலை கேபிளின் வெளியுறை வழியே வீட்டுக்குள் இறங்கிக் கணினியையும் கீயரையும் குழப்புவது குறையும்.

ரிக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியைப் பலரும் கவனிப்பதில்லை. 100 வாட் ரிக், விசையை அழுத்தும்போது சுமார் 22 ஆம்பியர் இழுக்கும். வீட்டு வயரிங்குக்கான 2.5 சதுர மி.மீ. கம்பியை 3 மீட்டர் ஓட்டினால் போக வர ஏறத்தாழ 1 வோல்ட் இறங்கிவிடும். பேட்டரியில் ஓட்டும்போது ரிக் அணைந்து அணைந்து எரிவதற்கும், சமிக்ஞை கிரீச்சிடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். கம்பியைத் தடிப்பாக்குங்கள், நீளத்தைக் குறையுங்கள்.

ரிக்கில் ஃபில்டர் 400-500 ஹெர்ட்ஸ், ஏஜிசி (ஒலி அளவைத் தானே சீராக்கும் அமைப்பு) வேகமான நிலையில், ஆர்எஃப் கெயின் (வரும் சமிக்ஞையின் பெருக்கம்) சற்றுக் குறைவாக. கூட்டமாக அழைக்கும்போது எழுத்துகள் பிரிந்து கேட்க இதுவே வழி. ஒலிச்சுருதி 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் நெடுநேரம் கேட்டாலும் காது களைக்காது.

விடிந்ததும் 21, 28-இல் ஜப்பான் பக்கம் திரும்புங்கள். நண்பகலுக்குப் பிறகு ஐரோப்பா எழும். மாலையில் அதே திசையில் அமெரிக்கக் கிழக்குக் கரையும் கேட்கக்கூடும். இருட்டிய பின் 7 மெகாஹெர்ட்ஸ். நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம், 3.5-க்குக் கீழே இடி இரைச்சல் கடுமையாக இருக்கும். மின்னல் நெருங்கினால் புள்ளிக்காகக் காத்திராமல் கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே கனெக்டர்களை நீர் புகாத டேப்பால் சுற்றிவிட வேண்டும். உறைக்குள் ஏறிய தண்ணீர் பிறகு வெளியேறாது. வீட்டில் எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் ஒவ்வொன்றாக அணைத்து எது இரைச்சல் என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

பயிற்சிக்கு ‘மோர்ஸ் ரன்னர்’ என்ற இலவச மென்பொருள் உண்டு. போட்டிக் கூட்டத்தை அப்படியே காதுக்குக் கொண்டுவரும். தினம் 20 நிமிடம் போதும். புதிதாகக் கற்பவர் ஒவ்வோர் எழுத்தையும் 20 வார்த்தை வேகத்திலேயே கேட்டு, இடைவெளியை மட்டும் நீட்டிக்கொள்ள வேண்டும். புள்ளி, கோடு என எண்ணிப் படித்தவர்கள் 10 வார்த்தையில் முட்டி நிற்பதைத் தவிர்க்க இதுவே வழி. ஹாம் நிலையம் வைத்திருக்கும் பொறியியல் கல்லூரிகள் மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைக்கலாம்: ஒருவர் கேட்க, ஒருவர் பதிய. உரிமத்தில் அந்தந்தப் பட்டையும் ஆற்றலும் அனுமதிக்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டை கேப்ரில்லோ என்ற கோப்பு வடிவில் ஐந்து நாளுக்குள், அதாவது அடுத்த சனி காலை 5.29-க்குள் அனுப்ப வேண்டும். கணினிக் கடிகாரம் சர்வதேச நேரத்தில் சரியாக ஓடியதா என்பதைத் தொடங்கும் முன்பே உறுதிசெய்யுங்கள். இருபது தொடர்புதான் என்றாலும் அனுப்புங்கள். நம் பதிவேடு இருந்தால்தான் எதிர்முனையில் நம்மைப் பிடித்தவரின் பதிவை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
தமிழக ஹாம் வானொலியாளர்கள் சிலர்