கேள்வி கேட்டது அறியாமையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அணு மின்சாரத்தின் சாதக பாதகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'கூடங்குளத்தில் கடலோர மக்களின் அறியாமையே போராட்டமாக வெடித்தது' என்ற ஒரு வரிதான் மனதை அறுக்கிறது.

நான் அந்தக் கடற்கரையில் 31 வருடம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவன். அணு உலையில் புகை இல்லை, சாம்பல் இல்லை, ஆடிக்காற்று ஓய்ந்து முப்பந்தல் காற்றாலைகள் நின்றுபோனாலும் 1000 மெகாவாட் உலை இராப்பகலாக ஓடும் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். 2012 மின்வெட்டில் எங்கள் பிள்ளைகளும் மண்ணெண்ணெய் விளக்கில்தான் பரீட்சைக்குப் படித்தார்கள். கரண்டின் அருமை எங்களுக்குத் தெரியாதா?

அந்த வருடம் வள்ளத்துக்காரர் மகள் ஒருத்தி வகுப்பில் எழுந்தாள். "எரிஞ்சு முடிஞ்ச எரிபொருளை எங்க சார் வைப்பாங்க?" தண்ணீர்த் தொட்டியில் போட்டு வருடக்கணக்கில் குளிரவைப்பார்கள் என்றேன். "அதுக்கப்புறம்?" சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பல்லாயிரம் ஆண்டு கதிர்வீச்சு அடங்காத பொருளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவள் கேட்ட அந்தக் கழிவுக்கு நிலையான ஏற்பாடு வேண்டும் என்று 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நிலையான ஏற்பாடு வரும்வரை கழிவைத் தற்காலிகமாக வைக்கும் கிடங்குக்கு 2019 ஜூலையில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள், அதையும் ஒத்திவைத்தார்கள். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் ஏறியதைக் கண்ணால் பார்த்தவர்கள், 2011இல் சுனாமியால் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைகளில் நேர்ந்த விபத்தை டிவியில் பார்த்துப் பதறியதும் உங்களுக்கு அறியாமையா?

போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தாங்கள் அறியாததல்ல. ஆனாலும் என் தம்பி மகன் 2017இல் வளைகுடா வேலைக்காக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டபோது, வழக்கு நிலுவையில் இருப்பதாகக் கைவிரித்துவிட்டார்கள். போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்ததைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை. அவனுக்காகப் பேசிப் பார்த்த இடத்தில் என்னை நாற்காலியில்கூட உட்காரச் சொல்லவில்லை. உங்கள் கட்டுரையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்போது 3 முதல் 6 வரையிலான உலைகளும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அடுத்த இதழில் அந்த 'அறியாமை' என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். கூடவே, உலையில் அவசரநிலை ஏற்பட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் போக வேண்டும், கதவு ஜன்னலை எப்போது சாத்த வேண்டும், கதிர்வீச்சு அயோடினிலிருந்து தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரை யார் தருவார்கள் என்று விசாரித்து எளிய தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். வெட்டியெடுத்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
இராதாபுரம் வட்டம்.