கோதுமையை இப்போதே நிறுத்திவிடாதே

டெல்லி,
புரட்டாசி

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. சின்னவனுக்குத் தை மாதம் கல்யாணம், அதுவும் கும்பகோணத்திலேயே என்று படித்ததும் இவர் ரயில் டிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டார். கல்யாணப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன். நீ போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரிதான் எனக்கு உறுத்துகிறது. பெரியவளுக்கு இரும்புச் சத்து மாத்திரை எவ்வளவு கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, தைராய்டும் இருக்கிறது, வாய்ப்புண் வந்து வந்து போகிறது, எனக்கு வந்த சீலியாக் வியாதியாக இருக்குமோ என்று போன வாரத்திலிருந்து கோதுமையை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய்.

நிறுத்தாதே. பரிசோதனை முடிகிறவரை அவள் சப்பாத்தி, பிரெட் எல்லாம் பழையபடி சாப்பிடட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். கோதுமை, பார்லி, ரை மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. இந்த வியாதி உள்ளவர்களுக்கு அதைச் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கிறது. ரத்தப் பரிசோதனை தேடுவது அந்தத் தாக்குதலின் அடையாளமான எதிர்ப்பொருளை. குளூட்டனை நிறுத்தினால் தாக்குதலும் அடங்கும், ரத்தத்தில் எதிர்ப்பொருளும் குறையும், குடலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆறும். அப்புறம் போய்ப் பரிசோதித்தால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் வரும். வியாதி இல்லாததால் ஒன்றுமில்லையா, கோதுமை இல்லாததால் ஒன்றுமில்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை விட்டாள், உடம்பு தேறியது. இப்போது உறுதிப்படுத்தவேண்டும் என்றால் சில வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வா என்கிறார்கள். நிம்மதியை ஒருமுறை பார்த்துவிட்டவளுக்கு அது எவ்வளவு கஷ்டம்! உன் பெண் நிறுத்தி ஒரு வாரம்தான் ஆகிறது, பெரிய நஷ்டமில்லை. மறுபடி ஆரம்பித்து எத்தனை நாள் கழித்து ரத்தம் கொடுப்பது என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனையின் பெயர் டிடிஜி ஐஜிஏ. ஐஜிஏ என்பது ரத்தத்தில் இருக்கிற ஒரு வகை எதிர்ப்பொருள். கூடவே மொத்த ஐஜிஏ எவ்வளவு என்றும் பார்க்கச் சொல். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ இருக்காது. அவர்களுக்கு வியாதி முற்றியிருந்தாலும் முதல் பரிசோதனை நல்லபடியாகவே வரும், அவர்களுக்கு வேறு பரிசோதனை இருக்கிறது. டிடிஜி கூடுதலாக வந்தால் அடுத்தது எண்டோஸ்கோபி. அதில் சிறுகுடலின் ஆரம்பப் பகுதியிலிருந்து சதைத் துணுக்கு எடுப்பார்கள். ஒன்றிரண்டு போதாது, நாலைந்தாவது எடுக்கவேண்டும், ஏனென்றால் சேதம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முன்கூட்டியே கேட்டுக்கொள், கூச்சப்படாதே. நம் ஊரில் டாக்டரைக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அந்த மரியாதையால் எனக்குப் பல வருஷம் போனது.

என் கதை உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் எனக்குக் கோதுமை தினச் சாப்பாடு ஆனது. முடி கொட்டியது, மூச்சு வாங்கியது, ரத்தம் ஏறவே இல்லை. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் இரும்புச் சத்து மாத்திரை எழுதினார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், ‘பொம்பளைகளுக்கு இது சகஜம்’ என்றார்கள். எனக்கு வயிற்றுப்போக்கு கிடையாது, அதனால் குடல் பக்கம் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர்களில் நிறையப் பேருக்கு அப்படித்தானாம். இரும்பை உறிஞ்சுகிற இடமே சிறுகுடலின் ஆரம்பப் பகுதிதான். அங்கே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கிற குடலுறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிட்டால் மாத்திரையை விழுங்கி என்ன பிரயோஜனம்? இதில் வேடிக்கை, இளைத்துப் போகிறேனே என்று அத்தை காலையும் மாலையும் ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தார். அதில் கோதுமையும் உண்டு, பார்லியும் உண்டு. காய்ச்சல் வந்தால் பிரெட், கால் வீங்கினால் பார்லித் தண்ணீர். நோயாளிக்கு என்று நாம் பார்த்துப் பார்த்துக் கொடுப்பதெல்லாம் எனக்கு விஷம்.

கடைசியில் இடுப்பு வலிக்காகப் பார்த்த எலும்பு டாக்டர்தான் கண்டுபிடித்தார். என் எலும்பு அடர்த்தி வயதுக்குப் பொருந்தாத அளவு குறைந்திருந்தது. ரத்தசோகையையும் அதையும் சேர்த்து யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

உங்கள் டாக்டர், ‘அது வடக்கத்தி வியாதி, நம்ம பக்கம் வராது’ என்றாராமே. பாதி சரி. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்று பகுதிகளிலும் ஆட்களைப் பரிசோதித்திருக்கிறார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். ஆனால் இந்த வியாதிக்கு இடம் கொடுக்கிற மரபணு வடக்கே 38 சதவீதம் பேருக்கு இருந்தது, தெற்கே 36 சதவீதம் பேருக்கு. பெரிய வித்தியாசம் தட்டில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்குச் சராசரியாக அவர்கள் சாப்பிட்ட கோதுமை 455 கிராம், நம் பக்கம் 25 கிராம். கோதுமைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அது போதாது என்றாலும் எனக்கு அப்படித்தான் படுகிறது. இப்போது சர்க்கரை என்றால் ராத்திரி சப்பாத்தி, அவசரம் என்றால் நூடுல்ஸ், ஊருக்கு ஊர் பரோட்டாக் கடை. பெங்களூரில் ஹாஸ்டலில் இருந்து படித்த உன் பெண் எந்தக் கணக்கில் சேர்த்தி?

அதற்காக அவளுக்கு இதேதான் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகைக்கு நூறு காரணம் உண்டு. மாத்திரைக்கு அசையாத ரத்தசோகையும் தைராய்டும் ஒன்றாக இருப்பதால் பார்த்துவிடுவது நல்லது, அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் டிக்கே என்று ஒரு குழந்தை டாக்டர் இருந்தார். இந்த வியாதி வந்த குழந்தைகளுக்குக் கோதுமைதான் ஆகவில்லையோ என்று 1930களிலேயே அவருக்குச் சந்தேகம். 1944-45 பனிக்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம், ரொட்டிக்கே திண்டாட்டம். ஊரே பட்டினியில் வாட, அவரிடம் இருந்த இந்தக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். 1950இல் அதையெல்லாம் ஆய்வேடாக எழுதினார். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே வாழ்க்கை எப்படி என்று கேட்டிருந்தாய். நம் சாப்பாட்டுக்கு இந்த வியாதி ஒரு பொருட்டே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் கூட்டுப் பெருங்காயம் இருக்கிறதே! தூளோ கட்டியோ, பெரும்பாலும் மைதா கலந்துதான் வருகிறது. சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் என்று ஒன்றையும் விடாமல் அது இருக்கிறது. நான் தேடிப்பிடித்து அரிசி மாவு கலந்த பெருங்காயம் வாங்குகிறேன். அப்புறம் மாவு மில். கோதுமை அரைத்த கையோடு என் கேழ்வரகைப் போட்டால் போயிற்று. அதனால் வீட்டிலேயே சின்ன அரவை இயந்திரம் வாங்கிவிட்டோம். இவருக்குத் தனிச் சப்பாத்திக் கல், தனிப் பலகை. ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் என் தோசைக்கல்லில் யாராவது கை வைத்தால் என்னைவிட முதலில் கத்துவது அவர்தான்.

நவராத்திரி வந்தால் எனக்குக் கொண்டாட்டம். விரதக்காரர்கள் கோதுமை தொடமாட்டார்கள் இல்லையா, அந்த ஒன்பது நாளும் இங்கே கடைகளில் குட்டு மாவு, குளத்தில் விளைகிற சிங்காடாக் காயின் மாவு, குதிரைவாலி அரிசி என்று குவிந்து கிடக்கும். குட்டு என்பது பக்வீட், ஆங்கிலப் பெயரில் ‘வீட்’ இருந்தாலும் கோதுமைக்குச் சொந்தமே இல்லை. அந்த மாவில் பூரி சுட்டால் கறுப்பாக வரும், ருசி சுமார், ஆனாலும் பூரி பூரிதானே.

பையனுக்கும் பார்த்தோம். மரபணு இருக்கிறது, வியாதி இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நெருங்கிய ரத்த சொந்தங்களில் நூற்றில் பத்துப் பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். சேலத்து அக்கா மட்டும், ‘என் வயிறு கல்லையும் செரிக்கும், ஊசி வேண்டாம்’ என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவளை யாரால் அசைக்க முடியும், உனக்குத்தான் தெரியுமே.

இனி கல்யாணம். எனக்காகத் தனிச் சமையல் என்று ஆரம்பித்து அண்ணாவை அலையவிடாதே. சாதம், பருப்பு, நெய், பெருங்காயம் போடாத ஒரு பொரியல், தயிர், வாழைப்பழம், இது போதும். பாயசம் சேமியாவாக இருந்தால் எனக்கு வேண்டாம், பால் பாயசம் என்றால் இரண்டு கரண்டி. காலை டிபனில் கேசரியும் பூரியும் எனக்கு ஆகாது, இட்லி ஆகும். வடை, பஜ்ஜி பொரித்த எண்ணெயில் பூரியும் பொரிப்பார்கள், அதனால் பலகாரத் தட்டு என் பக்கம் வரவேண்டாம். சமையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை, நான் வந்து நேரிலும் பேசிக்கொள்கிறேன். பந்தியில் ‘ஏன் மாமி ஒன்றுமே சாப்பிடவில்லை’ என்று கேட்கிறவர்களைச் சமாளிக்கிற பொறுப்பு உன்னுடையது.

ஹாஸ்டல் கோஷ்டியில் வேறு யாரெல்லாம் வருகிறார்கள் என்று எழுது. பெரியவளின் பரிசோதனை முடிவு வந்தால் மட்டும் கடிதம் போட்டுக்கொண்டிருக்காதே, உடனே போன் பண்ணு. எண் பழையதுதான்.

அன்புடன்,
உன் விஜி